ஆகீலின் இருமலும் என் ஆல்டோவும்

ஹூவெகெர்க
நவம்பர் மாதம், காலையிலிருந்து மழை

அன்பிலும் வயதிலும் பிடிவாதத்திலும் மூத்த என் அக்கா கோடலீவுக்கு, தம்பி ஃபிர்மின் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே லுட்கார்ட் சுகம், கோழிகள் சுகம், கூரைகூடப் போன வருஷம் ஒழுகிய அதே இடத்தில்தான் ஒழுகுகிறது, புதிதாக ஒன்றும் இல்லை. அங்கே ஓஸ்டெண்டில் உன் முட்டியும் கடல்காற்றும் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டன என்று நம்புகிறேன். ஃபோனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். ஃபோன் சமையலறையில் இருக்கிறது. லுட்கார்டும் சமையலறையில் இருக்கிறாள். மரியாதைகள் முடிந்தன, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வெட்கக்கேடான சங்கதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் சொன்னால் அந்த இடத்திலேயே கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நீ லுட்கார்டைக் கூப்பிட்டுவிடுவாய். அக்கா, இரண்டு வருஷமாக நான் ஒரு நல்ல மனிதனின் இருமலை ஆசையோடு கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் பேண்டில் டெனர் சாக்ஸபோன் வாசிக்கிற ஆகீலின் இருமல். செவ்வாய்க்கிழமை பயிற்சியில் அவர் என் பின்வரிசையில் உட்கார்ந்து 'கொஹ்' என்று ஆரம்பித்ததும் எனக்கு முதுகில் இதமாக வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும். போன வாரத்தைவிட ஆழமாக இருக்கிறதா, நெஞ்சிலிருந்து வருகிறதா, வெறும் தொண்டையா என்றெல்லாம் மருத்துவர் மாதிரிக் கவனிப்பேன். சளிச் சத்தம் கேட்டால் மனசு லேசாகும். அப்புறம் வீட்டுக்கு வந்து, வாத்தியக்காரர்களுக்குக் காவலான புனித செசிலியம்மாள் படத்துக்கு முன்னால் நின்று, "அம்மா, ஆகீலுக்குச் சீக்கிரம் குணமாகட்டும்" என்று வேண்டிக்கொள்வேன், எவ்வளவு சீக்கிரம் என்பதை மட்டும் அவள் விருப்பத்துக்கு விட்டுவிடுவேன்.

ஏன் இப்படி ஆனேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு இசை தெரியாது, தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகவே கடற்கரைக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள் நீ, அதனால் எளிமையாகச் சொல்கிறேன். ஊர்வலப் பாட்டு எதுவாக இருந்தாலும் பெரிய குழல்காரன் 'பூம்' என்பான். அதற்கடுத்து 'பா' என்று ஒன்று வருகிறதே, அதுதான் உன் தம்பி. பூம்-பா, பூம்-பா. கல்யாண ஊர்வலத்தில் நான் பா, சாவு ஊர்வலத்திலும் நான் பா, சாவில் கொஞ்சம் மெதுவான பா. பூம் இல்லாவிட்டால் பேண்டே சரிந்துவிடும் என்று எல்லோரும் பேசுவார்கள். பா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தபோது தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குத்தான் பேண்ட் பரிசு வாங்கியது. இதற்கு நேர் பக்கத்து நாற்காலியில் என் சொந்த மனைவி லுட்கார்ட், முதல் ஆல்டோ சாக்ஸபோன், மெட்டு முழுவதையும் தேனில் தொட்ட ரொட்டி மாதிரி வாசித்துக்கொண்டிருப்பாள். ரெண்டாவது ஆல்டோவான நான் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவள் தன் இடது முழங்கையால் என் விலாவில் தெரிவிப்பாள். என்னை நம்பி எண்ண விடுவதில்லை. கல்யாணமான புதிதில் அது செல்லமாகத்தான் இருந்தது. இப்போது குளிக்கும்போது பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் எனக்கு வேறு நிறம்.

டெனர் அப்படி இல்லை, அக்கா. பாட்டின் நடுவில் எல்லோரும் அடங்குகிற ஓர் இடம் வரும், அங்கே டெனருக்கென்று தனியாக ஒரு மெட்டு கீழேயிருந்து எழுந்து வரும், மூடுபனிக்கு அடியில் மாடு நடந்து போகிற மாதிரி, தெரியாது, ஆனால் போகிறது என்று தெரியும். பல் இருக்கும்போதே ஒரு தடவையாவது அந்த மெட்டை வாசிக்க வேண்டும். என் முன்பல் ஒன்று ஏற்கெனவே ஆடுகிறது. ஆல்டோவின் ஊதுவாய் சிறியது, கடித்துப் பிடிக்க வேண்டும், டெனருடையது பெரியது, உதடு தளர்ந்தாலே போதும். ஆக டெனருக்கு எப்போது மாறுவது என்ற கேள்விக்கு என் பல் ஒரு தேதி வைத்திருக்கிறது, ஆகீலின் நெஞ்சு ஒரு தேதி வைத்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நான்.

போய்க் கேட்க வேண்டியதுதானே என்பாய். ஓஸ்டெண்டில் கேட்பார்கள். எங்கள் பேண்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை இன்னொருவர் வாய்விட்டுக் கேட்கக் கூடாது, கேட்டால் உயிரோடிருப்பவனுக்குச் சவப்பெட்டி அளவெடுத்த மாதிரி. அதே சமயம் உட்கார்ந்திருப்பவரும் தானாக எழுந்து போகக் கூடாது, போனால் பேண்டை விட்டு ஓடியவன் என்று அவர் பேரப்பிள்ளைகள் வரைக்கும் பெயர் நிற்கும். பெரிய மத்தளக்காரர் மாவுக்கட்டு போட்ட கையோடு ஒரு வருஷம் அடித்தார், விட்டுவிட்டுப் போகவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாரும் எங்கேயும் நகரவே முடியாது என்று தோன்றும். நகரத்தான் செய்கிறோம், எல்லாம் ஜாடையில். புல்லாங்குழல் அம்மாள் ஓய்வு வேண்டியபோது பயிற்சி நடுவில் கம்பளி பின்ன ஆரம்பித்தாள். ரெண்டே ஸ்வெட்டரில் விஷயம் புரிந்து வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். இந்த மாதிரி ஜாடைகளை நான் உடனே பிடித்துவிடுவேன். அந்த விஷயத்தில் நான் கூர்மையான ஆள் என்று உனக்கே தெரியும்.

இப்படிக் காத்திருந்தபோது ஜூன் மாதம், நற்கருணைப் பவனிக்கு இரண்டு நாள் முன்னால், ஆகீல் செர்ரிப் பழம் பறிக்க ஏணியில் ஏறி, பழத்தோடும் கிளையோடும் கீழே வந்து சேர்ந்தார். கணுக்கால் பூசணிக்காய் ஆகிவிட்டது. எனக்கு ஆள் அனுப்பினார். போனால், காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, விழுந்த செர்ரிப் பழத்தையே தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டெனர் பெட்டி, துடைத்துப் பளபளவென்று.

"ஃபிர்மின், பவனிக்கு இதை நீ எடுத்துட்டுப் போ."

"ஐயோ, நானா? உங்க வாத்தியத்தையா?"

"என் வாத்தியம் என்னடா, பேண்டோட வாத்தியம். தூக்கிப் பாரு. என்ன கனம் பாத்தியா? எனக்குக் கழுத்தே போச்சு."

"ஒண்ணும் கனமில்லையே" என்றேன், மரியாதைக்காக. கையில் கன்றுக்குட்டியைத் தூக்கியது போல இருந்தது.

"உனக்குப் பொருத்தமா இருக்கு. வளத்திக்கும் அகலத்துக்கும்."

"சே சே, உங்க கையில இருக்கற அழகு வருமா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "திருப்பிக் கொண்டாரணும்னு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அப்புறம் இருமினார். நான் அவர் மனசைப் படித்துவிட்டேன், அக்கா. என்னைச் சோதிக்கிறார். இவன் என் நாற்காலிமேல் கண் வைத்திருக்கிறானா என்று ஆழம் பார்க்கிறார். "நாளைக்கு மறுநாள் சாயங்காலம், பவனி முடிஞ்ச கையோட கொண்டாந்துடறேன்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் முகம் சுருங்கியது, வலியாக இருக்கும்.

பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்ததும் லுட்கார்ட் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இது என்ன, யார் வீட்டுத் தண்ணிக் குழாயப் புடுங்கிட்டு வந்த?"

"டெனர்."

"அது தெரியுது. உனக்கெதுக்கு?"

"ஆகீல் விழுந்துட்டாரு, பவனிக்கு நான்தான்."

"நீ பின்வரிசைக்குப் போயிட்டா உனக்கு யாரு எண்ணுவா?"

"நானே எண்ணிக்குவேன்."

அவள் சிரித்த சிரிப்பை எழுதிக் காட்ட முடியாது. நான் தோட்டத்துக்குப் போய் முதல் தடவை ஊதினேன். ஆல்டோவுக்கு ஊதுகிற மூச்சை ஊதினால் டெனர் ஏப்பம் விடுகிறது, இரண்டு மடங்கு ஊதினால் தலை சுற்றுகிறது, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அடிச்சுரம் ஒன்று வந்தது பார், என் தொப்புளில் ஆரம்பித்துப் பக்கத்து வயல் வரைக்கும் போய் நின்றது. வயலிலிருந்து மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பதில் சொன்னது. என் 'பா'வுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு கோழிகூடத் திரும்பியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அக்கா, சும்மா சொல்லவில்லை.

நடந்துகொண்டே வாசிக்கும்போது வாத்தியத்தின்மேல் ஒரு கிளிப் இருக்கும், அதில் உள்ளங்கை அளவு அட்டையில் பாட்டைச் செருகிக்கொள்வோம். ஆகீலின் டெனர் அட்டைகள் பெட்டிக்குள் பையில் இருந்தன. ஆனால் லுட்கார்ட் என்னை நம்புகிறவளா? முந்தின நாள் மாலையே நான் கோழிகளை அடைக்கப் போன நேரத்தில், எனக்காக அவளே அட்டையைச் செருகி வைத்துவிட்டாள், வருஷா வருஷம் எடுக்கிற அதே மேஜை இழுப்பறையிலிருந்து, அவளுடைய உபரிப் பிரதியை. முதல் ஆல்டோவின் பிரதியை. இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும்: ஆல்டோவுக்கும் டெனருக்கும் விரல் ஒன்றுதான், குரல்தான் வேறு. ஆல்டோ அட்டையை வைத்துக்கொண்டு டெனரை வாசித்தால் விரலுக்கு எந்தத் தப்பும் தெரியாது. சத்தம் மட்டும் நாலு படி கீழே இறங்கி வரும்.

பவனி கோவிலைவிட்டுக் கிளம்பியது. முன்னால் ஃபாதர் நார்பெர்ட், தங்க மேற்கட்டியின்கீழ், நற்கருணைப் பாத்திரத்தோடு. பின்னால் நாங்கள். பேண்ட் மாஸ்டர் ஓமெர் கையைத் தூக்கினார், மெதுவான பாடல், நான் அட்டையைப் பார்த்தேன். 'பா' இல்லை. எங்கேயும் பா இல்லை. மெட்டு! முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மெட்டு! அடடா, டெனருக்கு இவ்வளவு கொடுக்கிறார்களா, ஆகீல் எத்தனை வருஷமாக இந்தச் சொத்தை மூச்சுக்காட்டாமல் அனுபவித்து வந்திருக்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. மெட்டு லுட்கார்ட் தினமும் வீட்டில் வாசிக்கிற மெட்டு மாதிரியே இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது, நல்ல பாட்டென்றால் ஒன்றுக்கொன்று ஜாடை இருக்கும் என்று விட்டுவிட்டேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வாசித்தேன், அக்கா. என்னைச் சுற்றி ஏதோ விநோதமான சத்தம், மேலே ஒரு பாட்டு, அதன் நிழல் மாதிரிக் கீழே இன்னொரு பாட்டு, விலகாமல், சேராமல், கூடவே நடந்து வருகிறது. டெனரின் வளம் என்று நினைத்துக்கொண்டேன். முன்வரிசையில் ஓமெரின் கழுத்து சிவந்துகொண்டே போனதை வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆற்றங்கரைச் சிலுவையடியில் பவனி நின்றது. ஓமெர் கையை இறக்கினார், எல்லோரும் நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல விலாவில் ஒன்றும் வரவில்லையே! ஊர் முழுக்க முழங்காலில், பாத்திரம் உயரே, மணிகூட அடிக்கவில்லை, அந்த அமைதியில் உன் தம்பி மட்டும் அடுத்த சரணத்தைத் தனியாக, முழு மூச்சோடு, கண்ணை மூடிக்கொண்டு. ஓமெர் திரும்பி என் கழுத்தை நெரிக்க இரண்டு அடி எடுத்து வைத்தாராம். அதற்குள் ஃபாதரின் முகத்தைப் பார்த்துவிட்டார். ஃபாதர் நார்பெர்ட் அழுதுகொண்டிருந்தார்.

ஆசீர்வாதம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஃபிர்மின், இதை உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா? நான் சின்ன வயசுல மடத்துல இருந்தப்போ இப்படித்தான் பாடுவோம். ஒரு குரல் மேல, ஒரு குரல் நாலு படி கீழ. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் கேக்கறேன்."

"எல்லாம் மாஸ்டரோட யோசனை, ஃபாதர்" என்றேன். எனக்கு அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

ஓமெர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்து, "ரொம்ப நாளா மனசுல இருந்தது, ஃபாதர்" என்றார். ஃபாதர் நகர்ந்ததும் என் கிளிப்பிலிருந்து அட்டையை உருவிப் பார்த்தார். என் முகத்துக்கு நேரே காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாழ்நாளில் நான் வாசித்த ஒரே மெட்டு, தப்பான அட்டை.

"லுட்கார்ட் வெச்சா" என்றேன்.

"பொண்டாட்டி வெச்சா? உனக்குக் கண்ணு இல்ல? காது இல்ல?"

லுட்கார்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பேசவில்லை. தான் தப்பு செய்ததற்கான மௌனம் என்று நினைத்து நானும் பெருந்தன்மையாக இருந்துவிட்டேன். மறுநாள் அவள் பக்கத்தில் நடந்த எக்காளக்காரன் தனியாகச் சொன்னான்: ஒவ்வொரு சரணம் முடியும்போதும் அவள் இடது முழங்கை தானாக வெளியே போய் வெறும் காற்றைக் குத்திவிட்டுத் திரும்பி வந்ததாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை, அதையும் நீ கணக்கில் வைத்துக்கொள்.

பவனி முடிந்த அன்று மாலையே டெனரைத் துடைத்து, சீவாளியைக் கழுவி, ஆகீலிடம் கொண்டுபோய் வைத்தேன். "உங்க பொருள், உங்ககிட்ட சேத்துட்டேன். இதுமேல எனக்கு ஒரு ஆசையும் இல்ல" என்று அழுத்திச் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"வாசிக்க எப்படி இருந்துச்சு?"

"உங்கள மாதிரி யாராலயும் முடியாது. நீங்க நூறு வயசு வரைக்கும் இதை வாசிக்கணும்."

"நூறா?" என்றார். அப்படி ஓர் இருமல் இருமினார், அக்கா, மேஜைமேல் செர்ரிக் கொட்டை குதித்தது.

செப்டம்பரில் பயிற்சி மறுபடி தொடங்கியதிலிருந்து அது தினுசுதினுசாக முற்றிக்கொண்டே வருகிறது. முன்பெல்லாம் ஒன்றிரண்டு, இப்போது பாட்டுக்குப் பாட்டு, அதுவும் சரியாக என் பின்னந்தலைக்கு நேரே. நான் திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிட்டு என்னையே உற்றுப் பார்ப்பார், சாகப்போகிறவன் பார்க்கிற பார்வை. எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. அதிமதுரம் போட்ட இருமல் மிட்டாய் வாங்கி, செவ்வாய்தோறும் அவர் தாள்தாங்கியில் ஒரு பொட்டலம் வைக்க ஆரம்பித்தேன். அவர் அதை எடுத்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு முன்னைவிடப் பலமாக இருமுவார். தேன் கொண்டுபோய்க் கொடுத்தேன். கழுத்துக்குக் கம்பளித் துண்டு கொடுத்தேன். துண்டைக் கொடுத்த அன்று, "ஃபிர்மின், உனக்கு என்கிட்ட ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார். கண்ணில் ஓர் எதிர்பார்ப்பு, பாவம், நான் ஏதாவது வாய்தவறிக் கேட்டுவிடுவேனோ என்ற பயம். "ஒண்ணுமே இல்ல. நீங்க நல்லா இருந்தாப் போதும்" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த நிலையில் போன செவ்வாய் ஓமெர் என்னைப் பீர் பீப்பாய்க்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். ஃபாதர் கிறிஸ்துமஸ் பூசைக்கும் அதே 'மடத்து இசை' வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாராம்.

"ஆகீல்கிட்ட அந்த ஆல்டோ அட்டையக் குடுத்து வாசிக்கச் சொல்லுங்களேன்" என்றேன்.

"குடுத்தேன். மனசுக்குள்ளயே மாத்திக் கணக்குப் போட்டுச் சரியான சுரத்துல வாசிக்கறாரு. தப்பா வாசிங்கன்னா அவரால முடியல. ஆயுசு பூரா சரியாவே வாசிச்சுக் கெட்டுப்போன மனுஷன். எனக்கு நீதான் வேணும்."

"நான் எப்படி அவர்கிட்டப் போய்க் கேப்பேன்?"

"அது உன் பாடு. இந்த மாசம் செசிலியம்மாள் விருந்துல, வர்ற வருஷம் யாருக்கு எந்த நாற்காலின்னு பட்டியல் படிப்பேன். அதுக்குள்ள நீ கேட்டா டெனர். கேக்கலைன்னா நீ சாகற வரைக்கும் பா. அப்புறம் என்கிட்ட மூக்கால அழக்கூடாது."

வீட்டில் இதை மெல்ல எடுத்தேன். லுட்கார்ட் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"போ. யாரு வேண்டாம்னா?" என்றாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"எனக்கென்ன கஷ்டம்? எடம் கிடைக்கும். கைய நீட்டி வாசிக்கலாம்."

"நான் தப்பா ஆரம்பிச்சா?"

"தப்பா ஆரம்பிக்கத்தானே உன்னக் கூப்புடறாங்க" என்று சொல்லிவிட்டு அந்த உருளைக்கிழங்கை உரித்தாள் உரித்தாள், கடைசியில் கோலிக்குண்டு அளவு ஆக்கித்தான் விட்டாள். ஒரு மனைவி உருளைக்கிழங்கை அவ்வளவு உரித்தால் என்ன அர்த்தம், அக்கா? நீ பெண்பிள்ளை, உனக்குத் தெரியும்.

ஆக என் நிலைமையைப் பார். கேட்டால், நோயில் கிடக்கிற கிழவனின் மடியிலிருந்து வாத்தியத்தைப் பிடுங்கியவன் ஆவேன், அவர் அந்த வாரமே போய்ச் சேர்ந்தால் சாவு ஊர்வலத்தில் நானே டெனர் வாசிக்க வேண்டும், ஊர் என்ன பேசும்? கேட்காவிட்டால், மூடுபனிக்கு அடியில் போகிற அந்த மெட்டு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும், நான் பல் விழுகிற வரைக்கும் பா, பல் விழுந்தபின் அதுவும் 'ஃபா'. போனால் விலா பிழைக்கும், ஆனால் அந்த முழங்கை வெறும் காற்றைக் குத்துமே என்று வேறு இருக்கிறது. நீ இரண்டு நிச்சயதார்த்தத்தை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முறித்துவிட்டு மூன்றாவது ஆளோடு சாயங்கால ரயில் ஏறியவள். உன்னை மாதிரி முடிவெடுக்கிறவர்கள் நம் குடும்பத்தில் வேறு யாரும் இல்லை. இப்போதா, ஆகீலுக்கு அப்புறமா, இல்லவே இல்லையா? விருந்துக்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை எழுது. ஃபோன் பண்ணாதே.

உன் முட்டியைச் சூடாக வைத்துக்கொள். உனக்கும் உன் பூனைக்கும் கடல் எப்போதும் தள்ளியே நிற்கட்டும், கூரை ஒழுகாதிருக்கட்டும், வீட்டில் ரொட்டிக்கும் பீருக்கும் குறைவில்லாமல் செசிலியம்மாள் பார்த்துக்கொள்ளட்டும். லுட்கார்ட் உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள், அதாவது நான் யாருக்கோ எழுதுகிறேன் என்று தெரிந்தால் சொல்லியிருப்பாள்.

என்றும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட (நீ என் பக்கம் சொன்னால்) தம்பி,
ஃபிர்மின்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபாலில் போடப் போனவன் திரும்பி வந்து, ஆவி காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். ரொட்டிக்கடையில் ஆகீலின் மனைவி மார்செல்லாவைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, "இருமல் எப்படி இருக்கும்மா?" என்றேன்.

"எந்த இருமல்?"

"ஆகீலோட இருமல்தான்."

"அவரு எங்க இருமினாரு? காலைல மிதிவண்டில ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வந்து நாலு முட்டை தின்னாரு. ஆமா, கோட்டுப் பையெல்லாம் இருமல் மிட்டாயா இருக்கே, எறும்பு வந்துருச்சு, அது நீங்கதானா?"

"செவ்வாய்க்கிழமை பயிற்சியில..."

"ஓ, அதுவா!" என்று அந்த அம்மாள் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தாள். "கழுத்து வலி தாங்கல, டெனர விட்டுடணும்னு ரெண்டு வருஷமாத் தவிக்கறாரு. அவரா விடக்கூடாதாமே. 'முன்னால ஒருத்தன் உக்காந்திருக்கான், எவ்வளவு இருமினாலும் கேக்கவே மாட்டேங்கறான், மிட்டாய் குடுக்கறான்'னு வந்து வந்து தலையில அடிச்சுக்கறாரு. அவருக்கு உங்க எடம்தான் வேணுமாம் தம்பி. லேசான வாத்தியம், மெட்டுத் தொந்தரவே கிடையாது, நிம்மதியா 'பா பா'ன்னு ஊதிட்டு இருக்கலாமாம். அதோட, பின்னால இருந்து பாத்தா நீங்களும் லுட்கார்டும் அவ்வளவு அன்னியோன்யமா ஒட்டி ஒட்டி உக்காந்திருக்கீங்களாம். அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்தா யாருக்கும் மனசு குளுந்துடும்ங்கறாரு."

நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே டெனரை என் கழுத்தில் மாட்டிவிட்டார். வருகிற செவ்வாயிலிருந்து ஆகீல் என் நாற்காலியில், லுட்கார்டுக்கு இடது பக்கம். முழங்கையைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.